பேய்க்கு அறை இல்லை

கே: 'இன்ஃபினிட்டி பூல்' படத்தில் பணக்காரர்கள், சொகுசு விடுதி, கடற்கரை எல்லாம் இருக்கிறது. பேயை மட்டும் காணோம். இதை எப்படித் திகில் படம் என்கிறார்கள்?
– ஒரு வாசகி, எடமலைப்பட்டி புதூர், திருச்சி

ப: அந்த விடுதியின் வாடகை பேய்க்குக் கட்டுப்படியாகாது அம்மா! பிராண்டன் குரோனன்பெர்க்கின் இந்த 2023 படத்தில், ஊர் சுற்ற வந்தவர் காரோட்டி உள்ளூர்க்காரர் ஒருவரை இடித்துக் கொன்றுவிடுகிறார். அந்த நாட்டில் அதற்கு மரண தண்டனை. நிறைவேற்றுவது செத்தவரின் மகன். கையில் காசிருந்தால் அச்சு அசலாக இன்னொரு ஆளைச் செய்து தருவார்கள். அது சாகும், இவர் உட்கார்ந்து பார்க்கலாம்.

இரட்டை வேடம் நமக்குப் பழக்கம்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தமபுத்திரன்' படத்தில் 1940-லேயே பி.யு.சின்னப்பா இரண்டு வேடத்திலும் அசத்தினார். அங்கே நல்லவன் அடைபட்டால் அரங்கமே துடிக்கும். இங்கே நகலுக்காக அழ ஒரு ஜீவன் இல்லை.

என்னை நடுங்கவைத்தது ரத்தம்கூட அல்ல, கத்தியோடு நிற்கும் அந்தச் சிறுவன். அப்பனைப் பறிகொடுத்தவனுக்கு நியாயம் என்று கையில் கொடுப்பது ஒரு பொம்மையை! அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள். அவர்கள் கண்ணில் படவே கூடாத காட்சிகள் நிறைய.