முள்ளில் இருக்கிறது பாட்டு

கே: டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் வாங்கியதில் பர்ஸ் காலி. கார்ட்ரிட்ஜை மலிவாக முடித்துவிடலாமா?

ப: மலிவாக வாங்கலாம், மட்டமாக வாங்கக் கூடாது. நீங்கள் கேட்கப்போவது மோட்டாரையா, பாட்டையா? தட்டைச் சுழற்றுவதுதான் மோட்டார். பாட்டைப் படிப்பது கார்ட்ரிட்ஜில் இருக்கும் முள். ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ நல்ல தேர்வு. முள் தேய்ந்தால் அதை மட்டும் உருவி மாற்றலாம். காசு சேர்ந்ததும் அதே கார்ட்ரிட்ஜில் இன்னும் நுணுக்கமாகப் படிக்கும் மைக்ரோலீனியர் முள்ளைச் செருகிக்கொள்ளலாம்.

இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு முள்ளின் அழுத்தம் 2 கிராம் இருக்கட்டும். இசைத்தட்டு தேயுமே என்று பயந்து குறைக்காதீர்கள். அழுத்தம் போதாத முள் வரிப்பள்ளத்தில் துள்ளும். துள்ளும் முள்தான் தட்டைக் கெடுக்கும். முள் எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.