உஷ்ண ஸ்தம்பன நிர்ணயம் அல்லது சூடானதும் நின்றுவிடும் கார்

பாயிரம்

குதிரைக்கும் யானைக்கும் வைத்திய சாஸ்திரம் செய்துவைத்த நம் முன்னோர், சூடானதும் நடுவழியில் நின்றுவிடும் மோட்டார் காருக்கு ஒரு சூத்திரம்கூடச் செய்யாமல் போனதற்கு, அவர்களிடம் மோட்டார் கார் இல்லாதிருந்தது ஒன்றே காரணமாக இருக்கலாம். அந்தக் குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, புனேக்கு வடமேற்கே பழைய பம்பாய்ச் சாலையில் இருக்கும் தேஹு ரோட்டில், ராணுவத் தளவாடக் கிடங்கு வேலைக்கென்று வந்து அங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றின் தலைவரான என் மாமாவின் பிரீமியர் பத்மினியை ஆதாரமாகக் கொண்டு இவ்வாராய்ச்சி நிகழ்த்தப்படுகிறது.

காரின் குலமுறை கிளத்துவது மரபு. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் கம்பெனி, இத்தாலிய ஃபியட் 1100ஐப் பம்பாய்க் குர்லாவில் உற்பத்தி செய்துவந்து, 1974இல் அதற்குப் பத்மினி என்று நாமகரணம் செய்தது. நான்கு சிலிண்டர், 1089 சி.சி.; பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்க ஒரு கார்ப்பரேட்டர்; பின்புற டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிவர, இஞ்சினே இயக்கும் ஒரு சிறு பம்ப். பெயர் சித்தூர் ராணியினுடையது என்று சரித்திரம் சொல்லும். நாட்டியப் பேரொளியினுடையது என்று மாமா சொல்லுவார். நின்றுவிட்ட பிறகு ஆடாது என்பதைத் தவிர, மாமாவின் கட்சியை மறுக்க நம்மிடம் பிரமாணம் இல்லை.

வியாதி ஆயுத பூஜைக்கு மறுவாரம் கண்டது. ஏழு கிலோமீட்டருக்கு உட்பட்ட தேஹு கிராமத்துக்கு, துக்காராம் மகாராஜைத் தரிசிக்கப் போனால் கார் நிற்காது. லோனாவ்லாவை நோக்கிப் போனால், காம்ஷேத்துக்கு அருகில் இரண்டு முறை இருமி, ஒரு முறை குலுங்கி, நின்றுவிடும். இருபது நிமிஷம் சென்றால், ஒன்றுமே நடவாததுபோல் புறப்படும். "துக்காராமின் அபங்க ஏடுகள் இந்திராயணி ஆற்றில் பதின்மூன்று நாள் மூழ்கிக் கிடந்து மேலே வந்ததாகச் சொல்லுகிற ஊர் இது, இருபது நிமிஷத்தில் கார் பிழைப்பதா அதிசயம்?" என்பது மாமியின் சித்தாந்தம்.

பூர்வபட்சம்

இந்த வியாதியைப் பற்றித் தேஹு ரோட்டில் மூன்று மதங்கள் நிலவின. மூன்றும், "காடி கரம் ஜாலி" என்னும் மராத்தி மகாவாக்கியத்தை ஒப்புக்கொண்டே தொடங்கின. வண்டி சூடாகிவிட்டது என்பது அதன் பொருள். தமிழர் நினைக்கும் ஜாலி அதில் இல்லை.

முதலாவது வாயுவாதம். பெட்ரோலின் இலேசான பாகங்கள், 40 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே கொதிக்கத் தொடங்கும். இஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்கும் பம்பிலும் குழாயிலும் அது ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஆவியைப் பம்ப் தள்ளமாட்டாது. இதனை வேப்பர் லாக் என்பர். பரிகாரம், பம்பின்மேல் ஈரத்துணி.

இரண்டாவது வித்யுத்வாதம். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சரோ, உயர் மின்னழுத்தம் தரும் காயிலோ, பழசானால் சூட்டில் காப்பு தளர்ந்து பொறியைக் கெடுக்கும். பரிகாரம், புதுக் கண்டென்சர். அது வாங்கப்பட்டது, காரும் வழக்கம்போல் நின்றது.

மூன்றாவது சோக்வாதம். குளிர்ந்த இஞ்சினுக்காக இழுத்த சோக் முழுதும் திரும்பாவிட்டால், சூடேறிய பின் பெட்ரோல் மிகுந்து இஞ்சின் திணறும்.

மூன்றும் பொய்யல்ல, உலகில் எத்தனையோ பழைய கார்கள் இம்மூன்றாலும் நின்றிருக்கின்றன. இந்தக் கார் எதனால் நின்றது என்பதே வினா.

பரீக்ஷை

கார் நின்ற தருணத்திலேயே பிளக் ஒயரைக் கழற்றி இஞ்சின் உடம்பருகே பிடித்தபோது, பொறி நீலமாகப் பளிச்சென்று பாய்ந்தது; வித்யுத்வாதம் வீழ்ந்தது. சோக் கம்பி முழுதும் உள்ளே இருந்தது. மூன்றாம் மதமும் மறைந்தது. வாயுவாதம் மட்டும் ஈரத்துணியோடு நிமிர்ந்து நின்றது. துணி போட்டால் கார் புறப்பட்டதே! ஆயினும், டீக்கடையில் கட்டிங் சாய் குடித்துவிட்டு வந்தாலும் புறப்பட்டது. மாமா முருகனை வேண்டிக்கொண்டாலும் புறப்பட்டது. எல்லாவற்றுக்கும் இருபது நிமிஷமே பிடித்தது.

பிறகு வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டோம். சூட்டு முள் ஏறிற்று, பானெட்டில் தோசை வார்க்கலாம் போலிருந்தது, கார் நிற்கவில்லை. "மாமி பக்கத்தில் இருக்கிறாள், பயம்" என்று மிஸ்திரி வாயுவாதத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்புண்டு, புகையில்லை. ஆகையால் புகையைக் கொண்டு நெருப்பை ஊகிக்கலாமேயன்றி, நெருப்பைக் கொண்டு புகையை ஊகிக்கலாகாது என்பது தர்க்க நூலார் துணிபு. எங்கெங்கே ஸ்தம்பனமோ அங்கங்கே உஷ்ணம் என்பது மெய்; எங்கெங்கே உஷ்ணமோ அங்கங்கே ஸ்தம்பனம் என்பது மாமாவின் வாசலிலேயே பொய்த்தது.

சித்தாந்தம்

அடுத்த முறை காம்ஷேத்தில் நின்றபோது, பெட்ரோலை யாரோ திருடியிருக்கலாம் என்ற சந்தேகத்தால், அளவு பார்க்க ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, மாமா டாங்கி மூடியைத் திருகினார். "புஸ்ஸ்" என்று ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. வெளிக்காற்று உள்ளே பாய்ந்த ஓசை அது. மூன்றாவது செல்ஃபில் கார் புறப்பட்டது. இருபது நிமிஷமும் இல்லை, ஈரத்துணியும் இல்லை.

மூடியின் நடுவே, பெட்ரோல் குறையக் குறையக் காற்றுப் புகுவதற்கென்று ஓர் ஊசித்துளை உண்டு. ஆயுத பூஜையன்று சக்கரம் நான்குக்கும், ஸ்டியரிங்குக்கும், பானெட்டுக்கும் பொட்டு வைத்த மாமா, வண்டியின் வாய் இதுவல்லவா என்று மூடிக்கும் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்திருந்தார். அது காய்ந்து சிமெண்டாயிற்று. ஒன்றிரண்டு லிட்டர் செலவானதும் டாங்கியில் வெற்றிடம் மிஞ்சிப் பம்ப் தோற்றது. இருபது நிமிஷத்தில் எங்கோ கசிந்த காற்று அதைத் தேற்றியது. காம்ஷேத்துக்குள் அவ்வளவு பெட்ரோல் செலவாயிற்று; தேஹுவுக்குப் போனபோதும் வாசலில் நின்று ஓடியபோதும் ஆகவில்லை. அதே நேரத்தில் இஞ்சினும் சூடாயிற்று. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில், நாங்கள் மூன்று மாதம் காகத்துக்கே வைத்தியம் பார்த்திருக்கிறோம். "சூடானதும் நிற்கிறது" என்று வியாதியைச் சொன்னபோதே, காரணத்தையும் அறியாமல் அதற்குள் சொல்லிவிட்டோம்.

பலசுருதி

மாமி தன் முந்தானை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சந்தனம் உதிர்ந்தது. அதன்பின் பத்மினி லோனாவ்லா வரை நிற்கவில்லை. மறு வருஷம் ஆயுத பூஜையில் மாமா மூடிக்குப் பொட்டு வைக்கத்தான் செய்தார், ஆனால், ஓரமாக.