மிச்ச வேலையை அடுத்த ஸ்பிரின்ட்டுக்குக் கடத்துவது எப்படி?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டெமோ. வியாழன் ராத்திரி வரைக்கும் ஏழு டிக்கெட் ‘இன் பிராக்ரஸ்’ வரிசையை விட்டு நகரவில்லை. பதறாதீர்கள். கீழ்வேளூர் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சென்னைக் கம்பெனிக்கு உழைக்கிறவன் சொல்கிறேன்.

‘தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு’ என்று சொல்லப் பழகுங்கள். அந்தப் பத்தை வைத்தே மூன்று ஸ்பிரின்ட் ஓட்டலாம். அதற்குமேல் குடைந்தால் டிக்கெட்டை ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என்று வெட்டி, எட்டு பாயின்ட்டில் ஐந்தை இப்போதே வரவு வைத்துவிடுங்கள். முடியாததை டெமோவில் காட்டாதே, பேக்லாகுக்கே திருப்பி அனுப்பு என்கிறது ஸ்க்ரம் கையேடு. 2010-இல் அதை வெளியிட்ட கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டுமா உங்கள் அப்ரைசலுக்கு வரப்போகிறார்கள்?

எங்கள் டெல்டாவுக்கும் தேதி உண்டு. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். திறப்பதற்குள் வாய்க்கால்களைத் தூர்வாரி முடிக்க வேண்டும். முடியாவிட்டால்? தண்ணீர் வரட்டும். அப்புறம் எவன் இறங்கி ஆழம் அளப்பான்! நாங்கள் கடைமடை என்பதால் தண்ணீர் வந்து சேரவே நாளாகும். அது தனிச் சலுகை. ரிலீஸ் ஆன கோடும் இதே வாய்க்கால்தான்.

இந்த நுட்பத்தை விவசாயியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சித்தப்பாவிடம் சொன்னேன். பதில் பேசாமல் நாற்றங்காலுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் தள்ளிப்போன வருஷம். இருபது, இருபத்திரண்டு நாளில் பறித்து நட வேண்டிய குறுவை நாற்று முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிக் காட்டினார்.

“கணு விட்டுடுச்சு பாரு. இதை நட்டா தூர் கட்டாது. ஒத்தையா நின்னு கதிர் தள்ளும்.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“மடக்கி உழுதுட்டு, சம்பாவுக்குப் புதுசா விதை விடணும்.”

“இத்தனை நாள் பாடு வீணாப் போவாதா, சித்தப்பா?”

“நட்டாதான்டா வீணு. நடவு ஆள் கூலி, உரம், எல்லாம் அது பின்னாடியே போவும்.”

அன்று ராத்திரி என் பழைய டிக்கெட்டைத் திறந்தேன். ஐந்து ஸ்பிரின்ட் வயசு. கேட்ட கஸ்டமரே வேறு மென்பொருளுக்குப் போய்விட்டார். அழிக்கத்தான் கை போனது.

பெயரை ‘பாகம் 3’ என்று மாற்றிவிட்டுப் படுத்தேன்.