பேராண்டிக்கு ஒரு வி.பி.என். வைத்தியம்

ஏலே பேராண்டி, அந்த ரவுட்டரத் தூக்கிக்கிட்டு மொட்டைமாடிக்கும் திண்ணைக்கும் அலையுதியே, ஏதும் வேண்டுதலா? வி.பி.என். 'கனெக்டட்'னு காட்டுது, ஆபீஸ் ஃபைலு ஒண்ணும் திறக்கல, அதான ஒப்பாரி? சும்மா அணைச்சு அணைச்சுப் போடாதல, சுவிட்சு தேஞ்சிரும்.

முதல்ல போன்ல ஹாட்ஸ்பாட்டப் போட்டு அதுல லேப்டாப்ப மாட்டு. அங்க ஃபைலு திறந்துச்சா? அப்ப ஆபீஸத் திட்டாத, கோளாறு நம்ம வீட்டு வைஃபைலதான். திரும்ப வீட்டு வைஃபைக்கு வந்து, கறுப்புத் திரையில ஐ.பி.கான்ஃபிக்னு அடி. கேட்வே 192.168.1.1. உங்க ஆபீஸ் சர்வரு நம்பரு? 192.168.1.20. சிரிப்பு வரலியா ஒனக்கு? எனக்கு வருது.

கீழத்தெருவுலயும் 20-ஆம் நம்பர் வீடு, மேலத்தெருவுலயும் 20-ஆம் நம்பர் வீடுன்னா, தபால்காரன் கிட்ட இருக்கதுலதான போட்டுட்டுப் போவான்? 192.168.1-ன்னு ஆரம்பிச்சா எல்லாம் நம்ம வீட்டு ஆளுன்னு ஒன் லேப்டாப்பும் நெனச்சிருது. வி.பி.என். பக்கமே எட்டிப் பாக்கல. நம்ம வீட்டு 20 யாரு தெரியுமா? ஒங்க அத்தை சீரியல் பாக்குற டி.வி. சம்பளக் கணக்கக் கொண்டான்னு காலையிலருந்து அதப் போட்டு மிரட்டிக்கிட்டு இருக்க!

ஆபீஸ்காரன நம்பரு மாத்தச் சொன்னா நடக்குமா? நாமதான் மாத்தணும். பிரவுசர்ல 192.168.1.1-ன்னு போட்டு ரவுட்டருக்குள்ள போ. லேன் செட்டிங்க்ஸ்ல 192.168.57.1-ன்னு மாத்தி சேவ் பண்ணு. அது அணைஞ்சு எந்திரிச்சதும் வைஃபைய மறுபடி மாட்டு. இனிமே ரவுட்டருக்குள்ள போகவும் அந்தப் புது நம்பருதான், மறந்துட்டு எங்கிட்ட வந்து நிக்காத.

அப்புறமும் சின்ன ஃபைலு வருது, பெருசு பாதியில நிக்குதுன்னா வி.பி.என்.னோட எம்.டி.யு.வ 1400-க்கு எறக்கிப் பாரு. ஒங்க ஆபீஸ் வி.பி.என். இன்னும் பி.பி.டி.பி. வகையா? ஆப்பிள்காரன் 2016-லயே கைகழுவுன சரக்குல அது. அதுக்கு 1723 போர்ட்டு மட்டும் பத்தாது, ஜி.ஆர்.இ.யயும் ரவுட்டரு விடணும். பாஸ்த்ரூ இருக்கான்னு பாரு. ஃபயர்வால அணை, போர்ட் ஃபார்வர்டிங் போடுன்னு எவனாவது சொன்னா காதுல வாங்காத. வெளிய போற நமக்கு எதுக்கு அந்த வேலை?

கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடின்னு முழிக்காதல. தூக்கம் வராதவனுக்கு யூடியூப்தான் வாத்தியாரு.

நம்பரு மாத்தையில வைஃபை கொஞ்ச நேரம் போகும். அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யி. சீரியல் நேரத்துல கைய வச்சிட்டு எம்பேரச் சொல்லிராத.