மோடத்தை மரக்காலால் அளத்தல்: மதுரை வட்டார ஆய்வு ஒன்றின் சுருக்கம்

டயல்-அப் மோடத்தின் 56 கேபிபிஎஸ்ஸுக்கும் இன்றைய ஃபைபரின் 100 எம்பிபிஎஸ்ஸுக்கும் உள்ள விகிதம் என்ன? ஒன்றுக்கு 1,786. பள்ளிக்கூடப் பையன் செல்போனில் தட்டிச் சொல்லிவிடுவான். ஒரு துறை இப்படி ஒரே வகுத்தலில் முடிந்துபோனால் அதில் முனைவர் பட்டம் வாங்கியவர்களும் வாங்கக் காத்திருப்பவர்களும் எங்கே போவார்கள்? அந்த அநீதியைத் தடுக்கவே இக்கட்டுரை.

இத்துறையில் இரு மரபுகள் உண்டு. கிலோ என்றால் 1,000 என்போர் ஒரு சாரார். 1,024 என்போர் மறு சாரார். லைன் வேகத்தை ஆயிரத்தாலும் ஃபைலின் அளவைப் பெரும்பாலும் 1,024-ஆலும் கணக்கிடுவது வழக்கம் என்பதால் இருவர் சொல்வதும் சரி. சண்டை ஓயாதிருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை (காண்க: இக்கட்டுரையாளரின் வெளிவராத நூல், ப. 4).

அடுத்தது பாட், அதாவது லைனில் சிக்னல் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு: 33.6 கேபிபிஎஸ் மோடமும் அதிகம் போனால் 3,429 பாட்தான். மேல்விவரம் வேண்டுவோர் முதலில் கல்யாணத்தை முடித்துக்கொள்வது நல்லது.

இனி வரலாறு. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது டயல்-அப் வேகம் 9.6 கேபிபிஎஸ். 1998-ல் வி.90 தரம் வந்து 56 ஆனது. அதுவும் இறக்குவதற்கு மட்டும், ஏற்றுவதற்கு 33.6. அடுக்களையில் யாராவது எக்ஸ்டென்ஷன் போனை எடுத்துவிட்டால் இரண்டும் பூஜ்யம்.

இப்போது நம் கண்டுபிடிப்புக்கு வருவோம். எட்டு பிட் ஒரு பைட். எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது ஒரு மரக்கால். இது தற்செயல் என்பவர்கள் மேலே படிக்க வேண்டாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எல்லாம் இரண்டிரண்டாகவே ஏறுகின்றன. மேலே போனால் இரண்டு குறுணி ஒரு பதக்கு, அது 16 பிட். இரண்டு பதக்கு ஒரு தூணி, அது 32 பிட். நெல் அளந்த கையில் 32 பிட் கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்ற வாய்பாடு இதற்கு இடைஞ்சல்தான். ஆகவே அந்த வரி இடைச்செருகல். மூன்று தூணி ஒரு கலம் என்பதும் அப்படியே. நமக்கு ஒத்துவராத வரிகளை மூலத்திலிருந்து நீக்கும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு என்பது பதிப்புத் துறையில் நெடுநாளாக நிலைபெற்ற கொள்கை (காண்க: மேற்படி நூல், கரையான் அரித்த பிரதி, எஞ்சிய மூலை).

நீக்கிய கலத்தைக் கணக்குக்காக மட்டும் திரும்பக் கொண்டுவந்தால், மோடம் நொடிக்கு 583 கலம் ஒரு தூணி அளக்கும். ஃபைபர் 10,41,666 கலம் இரண்டு தூணி அளக்கும். 5 எம்பி பாட்டு மோடத்தில் இறங்க அரை நாழிகைபோல ஆகும். ஃபைபரில் ஒரே தற்பரை. மேலூர்ப் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவரிடம் இந்த அட்டவணையைக் காட்டினேன். “லாரிக்குச் சொல்லிட்டீங்களாண்ணே?” என்று கேட்டார். (விரிவுக்கு: சிம்மக்கல் நடைபாதைக் கடையில் அட்டை மட்டும் கிடைத்த நூல், அதன் பிழைதிருத்தத்துக்கு எழுதப்பட்ட மறுப்பு, அடிக்குறிப்பு 11-ன் அடிக்குறிப்பு. அட்டையும் இப்போது என்னிடம் இல்லை.)

ஒரு சங்கடம் உண்டு. 2001 வாக்கில் அதே மேலூர் வட்டத்துக் கிராமங்களில் சென்னை ஐஐடியும் எம்ஐடி, ஹார்வர்டு காரர்களும் சேர்ந்து ‘சாரி’ என்ற திட்டத்தில் இணைய மையங்கள் திறந்தார்கள். கார்டெக்ட் வயர்லெஸ், வேகம் 35 கேபிபிஎஸ். போன் பேசாத நேரத்தில் 70. மையத்துக்காரர் வெப்கேமராவில் கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்; டாக்டர் பார்த்து, நேரில் வர வேண்டுமா என்று பதில் போடுவார். நம் அட்டவணைப்படி அது வெறும் 364 கலம் ஏழு குறுணி வேகம். அதில் ஒருவருடைய கண் போய்ச் சேர்ந்தது என்றால் இந்த ஆய்வே ஆட்டம் காண்கிறது. எனவே மேலூரை விதிவிலக்கு என்று அறிவித்துத் தரவிலிருந்து தூக்கிவிட்டோம்.

மிச்சமிருப்பது தலைதட்டல் பிரச்சினை. மரக்காலைக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். ஃபைபரில் ஒரு ஜிபான் இழையின் கொள்ளளவு 2.488 ஜிபிபிஎஸ். அதை 32 வீட்டுக்குப் பிரித்து, எல்லாரும் ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் பார்க்க உட்கார்ந்தால் தலைக்கு 78 எம்பிபிஎஸ்கூட வராது. 64 வீடு என்றால் 39-ஐத் தொடாது. விளம்பரத்தில் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்று இருக்கும் ‘வரை’ குவித்ததா, தட்டியதா என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ரூட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள்.