நாலு பேரு சேந்தா ரயிலு கவுந்துரும்லே

ஏலே பேரப்புள்ளைகளா, பொழுதன்னைக்கும் டிவி முன்னால குந்திக்கிட்டு "போச்சு, போச்சு"ன்னு கத்துதியளே, அந்த அன்ரெயில்டு வீடியோ கேம் ஆட்டத்தை நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சுவிட்சர்லாந்துல இன்டோர் அஸ்ட்ரோநாட்னு ஒரு கம்பெனி பண்ணி, 2020ல முழுசா வெளியிட்டதாமே? நாலு பேரு வரைக்கும் கூடி ஆடலாமாம். நாலு பேரு கூடி எந்தச் சோலிலே உருப்பட்டிருக்கு?

ஆனா கணக்கு லேசுதான். ஒரு மரம், ஒரு இரும்பு, ரெண்டையும் பெட்டியில போட்டா ஒரு துண்டு தண்டவாளம். இஞ்சினு நிக்காம வந்துக்கிட்டே இருக்கும். தண்டவாளம் தீந்துச்சுன்னா ஆட்டமும் தீந்துச்சு. நீங்க என்ன பண்ணுதிய? நாலு பேரும் மரத்துமேல பாயுதிய. கட்டை குவிஞ்சு கெடக்கு, இரும்புக்கு நாதியில்ல. கட்டையை வச்சு அடுப்பெரிக்கவா போறிய?

கோடாரி பிடிச்ச கையி கட்டையைத் தூக்காது. அதனால வெட்டுறவன் வெட்டட்டும், ஒடைக்கிறவன் இரும்புக்குப் பாறையை ஒடைக்கட்டும், சொமக்குறவன் கோடாரி பக்கமே திரும்பாம சொமக்கட்டும். வெட்டிப் போட்டதை அப்பிடியே விட்டுட்டுப் போனா திருட்டுப்பய வந்து தூக்கிக்கிட்டுப் போவான். குறுக்க ஆறு வந்தா முழிக்காதிய; தண்ணிமேல கட்டையைப் போடு, பாலமாயிரும்.

அப்புறம் அந்த வாளி. அதைத் தொட ஒருத்தனுக்கும் மனசு வரல பாருங்க! பந்தியில தண்ணி ஊத்துறவன் மாதிரிதாம்லே அந்தச் சோலி. ஊத்துறப்ப எவனும் மூஞ்சியப் பாக்க மாட்டான், விக்கல் எடுத்தாத்தான் தேடுவான். ரயிலுல இருக்குற தண்ணித் தொட்டியை வாளியால ரொப்பிக்கிட்டே இருக்கணும்; வத்துனா ரயிலு தீப்பிடிச்சிரும். பொறவு நாலு பேரும் ஒரே வாளிக்கு அடிச்சுக்கிட்டு நிப்பிய. கொறைச்சலாப் பேசுற புள்ளை எவனோ அவன் கையில வாளியைக் குடுங்க. வாயாடி கையில குடுத்தா ரயிலு எரியுறதை வருணிச்சுக்கிட்டு நிப்பான்.

இப்பச் சொல்லப்போறதை உங்க வாத்தியாரு காதுல போடாதிய. நேரா போவாதிய! ஸ்டேஷன் தெரிஞ்சதும் கோடு கிழிச்சாப்புல தண்டவாளம் போடுதிய, சீக்கிரமா போயிச் சேருதிய. சேந்தா என்ன கெடைக்கும்? அடுத்த ஸ்டேஷனுக்கு ரயிலு இன்னும் வெரசா ஓடும். இதுக்கா இம்புட்டு அவசரம்? கையில தண்டவாளம் மிஞ்சிக் கெடந்தா வளைச்சு வளைச்சுப் போடு. ரயிலு ஊரைச் சுத்தி வர்றதுக்குள்ள நீ நாலு பாறையை ஒடைச்சிரலாம். மனுசன் பேச்சுதாம்லே நேரா இருக்கணும், தண்டவாளம் கோணுனா ஒரு பாவமும் இல்ல.

கடைசித் துண்டை ஸ்டேஷனோட சேக்குறதுக்கு முன்ன ரெண்டு சோலி பாக்கி இருக்கு. மரமும் இரும்பும் பெட்டி நெறைய ஏத்திக்கணும். மூலைமுடுக்குல கெடக்குற போல்ட்டைப் பொறுக்கிக்கணும். ஸ்டேஷன்ல பெட்டியைப் பெருசாக்க அதுதான் துட்டு. ஆனா ஒத்தப் போல்ட்டுக்காக நாலு பேரும் காட்டுக்குள்ள ஓடாதிய, ஒருத்தன் போனாப் போதும்.

ரயிலு மேல ஒரு குத்தமும் இல்ல. நாலு பேருக்கும் ஒரே கோடாரி மேல கண்ணு, கவுறாம என்ன செய்யும்? அடுத்த ஆட்டத்துக்கு உக்காருமுன்ன வாளி யாருக்குன்னு முடிவு பண்ணிட்டு உக்காருங்கலே.