காஜா மட்டும்தான் பாக்கி: அன்றாடப் பொய் கண்டறிதல் பற்றி ஒரு கள ஆய்வு

பெரும் பொய்களைக் கவனிக்க நீதிமன்றமும் வருமான வரித்துறையும் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. சிறு பொய்களைக் கவனிக்கத்தான் ஆளில்லை. 'கிளம்பிட்டேன், வந்துகிட்டே இருக்கேன்', 'இப்பதான் சாப்பிட்டேன்', 'போன் சைலன்ட்ல இருந்துச்சு', 'சில்லறை இல்லையே' ஆகியவை எந்தச் சட்டப் பிரிவிலும் சிக்காமல் நாள்தோறும் வீதியில் நடமாடுகின்றன. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கும் பொருட்டு இக்கட்டுரை இயற்றப்படுகிறது. களமாகத் தையல் கடையை எடுத்துக்கொண்டுள்ளோம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் தையல் கடை வாசலில் நின்றால் கிடைக்கும் தரவு, வேறெந்த ஆய்வகத்திலும் கிடைக்காது.

முதலில் முன்னோர் சொன்னதைப் பார்த்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் இதை ஆய்வு என்று யாரும் ஒப்ப மாட்டார்கள். முகத்தைப் பார்த்து மனத்தைப் படிக்கும் கலைக்குத் திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்று அதிகாரம் உண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. 71-ஆவது அரசவையில் இருப்பவர்களுக்கு, 110-ஆவது காதலர்களுக்கு. மொத்தம் 133 அதிகாரங்களில் ஒரே தலைப்பு இருமுறை வருவது இது ஒன்றுதான். அரசனிடமும் காதலியிடமும் ஏமாறாமல் இருக்க வழி சொன்னவர், தையல்காரரிடம் ஏமாறாமல் இருக்க மூன்றாவதாக ஒன்றை எழுதாமல் போனது ஏன்? வள்ளுவரை நெசவாளர் என்று மரபு சொல்லும். வேட்டியை நெய்தார், கட்டினார், வேலை முடிந்தது. வேட்டிக்குக் காஜா கிடையாது. எனவே பிரச்சினை அவர் கவனத்துக்கு வரவில்லை என்பது எமது துணிபு.

அடுத்து மேலை நாட்டார். பொய் சொல்பவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 58 நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் முதலில் வந்த பதில், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான் என்பதே. உலகம் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு விஷயத்தில் தவறு செய்வது அபூர்வம். ஏனென்றால் 2006-இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் அதுவரை வந்த 206 ஆய்வறிக்கைகளைத் திரட்டி, 24,000-க்கும் மேற்பட்டோர் அளித்த தீர்ப்புகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். மெய் எது, பொய் எது என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 54 தடவை. ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வந்துவிடும். ஆக, மனித குலம் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சேர்த்த அனுபவத்தின் மொத்த மதிப்பு மீதி நான்கு.

தையல்காரரைப் பொறுத்தவரை கண் கோட்பாடு இன்னும் மோசம். அவர் கண் எப்போதும் ஊசிமுனையில் இருக்கிறது. மெய் சொன்னாலும் நிமிர மாட்டார், பொய் சொன்னாலும் நிமிர மாட்டார். 58 நாட்டுக் கருத்துப்படி அவர் பேசுவதெல்லாம் பொய். முடிவு ஏறக்குறையச் சரிதான். வந்த வழிதான் தப்பு.

நிபுணர்களை நம்பலாமா? 1991-இல் பால் எக்மனும் மோரீன் ஓ'சல்லிவனும் அமெரிக்காவில் நீதிபதிகள், மனநல மருத்துவர்கள், காவல் துறைப் புலனாய்வாளர்கள் என்று பலதரப்பட்டவர்களைச் சோதித்தார்கள். அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள் மட்டும் நாணயத்தைத் தாண்டினார்கள். மற்றவர்கள் எல்லாம் நாணயத்தோடு நின்றுவிட்டார்கள். தாய்மார்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்திருந்தால் சீக்ரெட் சர்வீஸின் மானம் போயிருக்கும். "யாரும் சர்க்கரை டப்பாவைத் தொடலம்மா" என்று, கேட்காமலே வந்து சொல்லும் பிள்ளையிடம் எந்தத் தாயும் கண்ணைப் பார்ப்பதில்லை. நேராகப் போய் டப்பாவைத்தான் பார்க்கிறாள். இந்த இடத்தை வாசகர் குறித்து வைத்துக்கொள்க, கீழே தேவைப்படும்.

ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை பொய் சொல்கிறார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1996-இல் டிபாலோ குழுவினர் 77 கல்லூரி மாணவர்களையும் 70 ஊர்க்காரர்களையும் பிடித்து, ஒரு வாரம் சொன்ன பொய்யையெல்லாம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மாணவர்களுக்கு நாளைக்கு இரண்டு, ஊர்க்காரர்களுக்கு ஒன்று என்று வந்தது. 2010-இல் அமெரிக்காவில் 1,000 பேரிடம் எடுத்த இன்னொரு கணக்கில், நேற்றிலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று பத்தில் ஆறு பேர் சொன்னார்கள். பொய்யர்களிடமே, எத்தனை பொய் சொன்னாய், உண்மையைச் சொல் என்று கேட்கும் இந்த முறையின் துணிச்சலை வியக்கிறோம்.

இனி இயந்திரம். 1921-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி காவல் துறையில் இருந்த ஜான் லார்சன், ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒருசேரப் பதியும் கருவி ஒன்றைச் செய்தார். அவருக்கும் முன்பே ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்று சொன்னவர் வில்லியம் மார்ஸ்டன். இந்த மார்ஸ்டன்தான் பிற்பாடு, 1941-இல், வொண்டர் உமன் என்ற படக்கதை நாயகியைப் படைத்தார். அவள் கையில் ஒரு தங்கக் கயிறு; அதில் சிக்கியவர் உண்மையைத்தான் பேச வேண்டும். எமது களத்திலும் அவ்வாறே ஒரு மஞ்சள் நாடா, இஞ்சு இஞ்சாகக் கோடு போட்டு, தையல்காரரின் கழுத்திலேயே தொங்குகிறது. இதுவரை அது ஓர் உண்மையையும் வரவழைத்ததில்லை.

கருவியைக் கடைக்கே கொண்டுபோனால் என்ன என்று கேட்கலாம். இரண்டு தடை. தீபாவளி வாரத்தில் தையல்காரரின் ரத்த அழுத்தம் பெயரைக் கேட்டாலே எகிறும். முள் ஆடுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மற்றது சட்டம். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது: உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ, மூளை வரைபடம் எதையும் ஒருவர் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் சட்டை வெட்டப்பட்டதா இல்லையா என்ற விஷயத்தில் மௌனம் காக்கத் தையல்காரருக்கு முழு உரிமை உண்டு. அவர் மௌனம் காப்பதில்லை என்பதுதான் ஆய்வுக்கு ஆதாயம்.

களத்துக்கு வருவோம். பில்லில் போட்ட தேதிக்கு மறுநாள், மாலை ஆறரை மணி.

"என்னண்ணே, ரெடியா?"

"எல்லாம் முடிஞ்சிருச்சு சார். காஜா மட்டும்தான் பாக்கி."

இந்த வாக்கியத்தின் கட்டுமானம் வியப்புக்குரியது. முடியவில்லை என்ற செய்தியை, முடிந்துவிட்டது என்பதில் ஆரம்பித்துச் சொல்கிறது. மீதி இருப்பதோ பட்டன் ஓட்டை. அதற்காகச் சண்டை போட்டால் நாம்தான் அற்பர்கள். அதோடு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. பல ஊர்களில் காஜா எடுப்பது தையல் கடையில் அல்ல. அதற்கென்று மெஷின் வைத்திருக்கும் வேறு கடையில். "சரி, காட்டுங்க" என்றால், "காஜா கடைக்குப் போயிருக்கு சார், பையன் வாங்கிட்டு வந்திருவான்." பொய் சொல்பவர்கள், சரிபார்க்கக்கூடிய விவரத்தைத் தவிர்ப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. இவர் தவிர்க்கவில்லை. சட்டையையே சரிபார்க்க முடியாத இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அறிவியல் சொன்ன இன்னொரு உத்தியையும் சோதித்தோம். ஆல்டர்ட் வ்ரெய் என்ற உளவியலாளரின் குழு சொன்னது: நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொன்னால், கட்டிய கதை தடுமாறும். கேட்டோம். காஜாவுக்கு முன்னால் என்ன செய்தீர்கள்? கீழ் மடிப்பு அடித்தேன். அதற்கு முன்? கை ஏற்றினேன். அதற்கு முன்? காலர் வைத்தேன், ஷோல்டர் மூட்டினேன், பாக்கெட் அடித்தேன். ஒரு தடுமாற்றம் இல்லை. உத்தி படுதோல்வி. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. அவர் சொன்ன ஒவ்வொரு வேலையும் அன்று நடந்ததுதான், வேறொருவர் சட்டைக்கு. தேர்ந்த பொய்யில் கற்பனை மிகக் குறைவு. உண்மையை விலாசம் மாற்றிக் கொடுப்பதோடு சரி. முகமும் குரலும் அதனால்தான் காட்டிக்கொடுப்பதில்லை.

பிறகு எப்படித்தான் பிடிபட்டது? நாம் வாயே திறக்காதபோது. திரும்பி நடக்க இரண்டடி எடுத்து வைத்ததும் பின்னாலிருந்து குரல்: "சார், அளவுச் சட்டை கொடுத்தீங்களா, இல்ல அளவு எடுத்தமா?"

இதற்கு மேல் எந்த இயந்திரம் வேண்டும்? அளவு தெரியாமல் கை ஏற்றி, காலர் வைத்து, காஜாவுக்கு அனுப்பிய சட்டை உலகத் தையல் வரலாற்றில் இல்லை. அண்ணாந்து பார்த்தால் அலமாரியின் மேல்தட்டில் நம் துணி, ஜவுளிக்கடைக் கவர்கூடப் பிரிக்கப்படாமல், பில்லோடு சேர்த்துக் குத்திய ரசீது காற்றில் ஆட, யோக நிலையில் இருக்கிறது. அதன் மேலேயே அளவுச் சட்டை. தாய் ஏன் டப்பாவைப் பார்த்தாள் என்பது இப்போது விளங்கும். பொய்யின் தடயம் ஆளிடம் இல்லை, அலமாரியில் இருக்கிறது. அடுத்த வேலைக்கு என்ன தேவை என்று ஆள் கேட்கும்போது, இதுவரை என்ன நடக்கவில்லை என்பது தானே வெளிவருகிறது. இதே வகையில் 'பாக்கெட் ஒண்ணா ரெண்டா?', 'ஸ்லிம்மா, லூஸா?' ஆகிய கேள்விகளும் வாக்குமூலங்களே. 'துணி எந்த கலர் சார்?' என்று கேட்டால் வேறு கடையில் ரெடிமேட் எடுத்துக்கொள்வது நல்லது.

கைப்பேசிப் பொய்களுக்கும் இது பொருந்துகிறதா என்று சுருக்கமாகப் பார்த்தோம். 'பாதி தூரம் வந்துட்டேன்' என்பவரின் குரலில் ஒன்றும் கிடைக்காது. குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்கிறதா என்று கேட்க வேண்டும். குளியலறையின் எதிரொலி அதைவிட உறுதியான சான்று. 2017-இல் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் வசதியைக் கொண்டுவந்தபோது இவ்வகைப் பொய்க்குச் சங்கு ஊதிவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தார்கள். 'லொகேஷன் போடு' என்று கேட்டால் 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று பதில் வருகிறது. ஒரு பொய் இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

'இப்பதான் சாப்பிட்டேன்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி முதல் தடவை சொல்வது மரபு, இரண்டாம் தடவை சொல்வது கூச்சம். மூன்றாம் தடவையும் சொன்னால் உண்மையிலேயே சாப்பிட்டிருக்கிறார்; விட்டுவிடலாம்.

ஆய்வின் பாதி வழியில் ஒரு சிக்கல் எழுந்தது. தையல்காரரையே கவனித்துக்கொண்டிருந்ததில், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களைக் கவனிக்க மறந்திருந்தோம். தீபாவளிக்குத்தான் சட்டை வேண்டும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒருவருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மச்சினன் நிச்சயதார்த்தம். ஒருவர் புதன்கிழமையே ஊருக்குப் போகிறார். இன்னொருவருக்கு அலுவலகத்தில் விழா. தையல்காரர் அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, 'செவ்வாய்க்கிழமை வாங்க' என்று பில்லில் தேதி போடுகிறார். வாடிக்கையாளர் தேதியை முன்னால் இழுக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அவர் பின்னால் தள்ளுவார் என்பது இவருக்குத் தெரியும். இரண்டையும் கழித்தால் சட்டை ஏறக்குறையத் தீபாவளிக்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு, இஸ்திரிச் சூடு ஆறாமல் கைக்கு வருகிறது. ஏற்பாடு கச்சிதமானது. இதில் அடிபடுவது நிஜமாகவே புதன்கிழமை ஊருக்குப் போகிறவர் ஒருவர் மட்டும்.

அப்படி ஒருவர் எமது களத்தில் அகப்பட்டார். கோவையிலிருந்து திருநெல்வேலிக்கு, பிள்ளைகுட்டிகளோடு. மன்றாடிப் பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார். கடைசியில் கைப்பேசியைத் திறந்து ரயில் டிக்கெட்டையே கவுன்ட்டரில் நீட்டினார். தேதி, வண்டி எண், நால்வரின் பெயர், வயது எல்லாம் இருந்தன. தையல்காரர் அன்றைக்கு முதல் தடவையாக ஊசியிலிருந்து கண்ணை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை விரலால் பெரிதாக்கி, நிதானமாகப் படித்தார்.

"வெயிட்டிங் லிஸ்ட் நாப்பத்திரண்டுதானே சார்? கன்ஃபர்ம் ஆகட்டும், வெட்டிருவோம்."